ஓசை கேட்டு எய்த அம்பு

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

இருள் சூழ்ந்த கானகம். எங்கோ நீர்த்துறையில் நீர் மொள்ளும் ஓசை. யானை நீர் குடிக்கிறது என்று எண்ணிய தசரத மன்னன், கண்ணால் காணாமலே, ஓசை வந்த திக்கை நோக்கி அம்பைத் தொடுத்து விடுகிறான். அம்பு குறி தவறவில்லை. ஆனால் விழுந்தது யானையன்று. பார்வையற்ற பெற்றோரின் தாகம் தீர்க்கக் குடத்தில் நீர் எடுக்க வந்த இளைஞன். அந்த ஓர் அம்பின் விளைவு, பின்னாளில் அம்மன்னனையே புத்திர சோகத்தில் வீழ்த்தியது. நாம் எல்லோரும் பாட்டி மடியில் கேட்ட கதைதான் இது.

பகைவரின் ரேடாரைத் தாக்கும் ஏவுகணையைப் பற்றி எழுத அமர்ந்தபோது முதலில் என் நினைவுக்கு வந்தது இந்தக் கதைதான். ஏனென்றால் அந்த ஏவுகணையும் பார்ப்பதில்லை, கேட்கிறது. கேட்ட திக்கில் பாய்கிறது.

இக்கட்டுரை பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் துறையின் இயற்பியல் மன்றக் கூட்டத்தில் 'ரேடாரும் அதன் பகையும்' என்ற தலைப்பில் நான் அரைமணி நேரம் பேசினேன். கரும்பலகை நிறையப் படம் வரைந்தேன். வேகம், எடை, ஆண்டு என்று எண்களை அடுக்கினேன். கைதட்டலும் கிடைத்தது. நன்றியுரைக்கு முன்னால், கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்த இரண்டாமாண்டு வரலாற்று மாணவி ஒருவர் எழுந்தார். "அண்ணா, ரேடாரை இயக்குகிறவர் சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டால் அந்த ஏவுகணை என்ன செய்யும்?" என்றார். வகுப்பில் சிரிப்பொலி. நானும் சிரித்துக்கொண்டே, "வழி தெரியாமல் தடுமாறும்" என்றேன். அவர் விடவில்லை. "அப்படியானால் அவர் பிழைத்துக்கொள்வாரா?" என்றார்.

மணி அடித்தது. அன்று என்னைக் காப்பாற்றியது அந்த மணிதான். என் அரைமணி நேரப் பேச்சில் ரேடார் இருந்தது, விமானம் இருந்தது, ஏவுகணை இருந்தது. ரேடாரின் முன்னால் அமர்ந்திருக்கும் மனிதன் மட்டும் இல்லை. அந்தக் கேள்விக்கு நான் தரும் பதிலாக இக்கட்டுரையை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பேசினால் ஆபத்து, பேசாவிட்டால் குருடு

நள்ளிரவில் தென்னந்தோப்பில் காவல் இருப்பவன் டார்ச் விளக்கை அடித்துத் திருடனைத் தேடுகிறான். திருடன் காவலன் கண்ணில் படுவதற்கு முன்பே, டார்ச்சின் ஒளி திருடன் கண்ணில் பட்டுவிடுகிறது. ரேடாரின் நிலையும் இதுவே. அது வானொலி அலையை அனுப்புகிறது. விமானத்தின் மீது மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. தூரம் இருமடங்கானால், விமானத்தைச் சென்றடையும் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் ரேடாருக்குத் திரும்பிவரும் எதிரொலியோ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே, ரேடார் விமானத்தைக் காணும் முன்பே விமானம் ரேடாரின் குரலைக் கேட்டுவிட முடியும். நம் பாடப் புத்தகத்தில் உள்ள இந்த எளிய கணக்கின் மீதுதான் இந்த ஆயுதம் முழுவதும் நிற்கிறது.

1965 ஜூலை 24 அன்று வடவியட்நாமின் வானில் அமெரிக்க விமானம் ஒன்றைச் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட எஸ்-75 ஏவுகணை வீழ்த்தியது. அந்நாட்டில் தரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைக்கு இரையான முதல் அமெரிக்க விமானம் அது. எஸ்-75 ஏவுகணைக்கு வழிகாட்டியது அதன் ரேடார். அந்தக் கண்ணைக் குத்தினால் கை செயலற்றுவிடும் என்று அமெரிக்கர் கணக்கிட்டனர். அதே 1965ஆம் ஆண்டு அவர்களது கடற்படையில் சேவைக்கு வந்தது ஷ்ரைக் ஏவுகணை.

ஷ்ரைக் என்பது நம் ஊர் வேலிகளிலும் காணும் கீச்சான் குருவியின் ஆங்கிலப் பெயர். பிடித்த பூச்சியை முள்ளில் குத்தி வைக்கும் பறவை அது. பெயருக்கு ஏற்ற கொடுமையைச் செய்ய ஏவுகணையும் முயன்றது. ஆனால் அதன் குறைகள் பல. ஏறத்தாழ 177 கிலோ எடையும் 3 மீட்டர் நீளமும் கொண்ட அந்த ஏவுகணையின் செவி, குறுகிய ஓர் அலைவரிசையை மட்டுமே கேட்கும். ஆகவே பத்துக்கும் மேற்பட்ட வகைச் செவிகளைச் செய்துவைத்து, இன்று எந்த ரேடாரைச் சந்திப்போம் என்று ஊகித்து, புறப்படும் முன் தரையிலேயே அதற்குரிய செவியைப் பொருத்த வேண்டும். ஊகம் தவறினால் ஏவுகணை செவிடு. அது எட்டும் தூரமும் எஸ்-75 எட்டும் தூரத்தைவிடக் குறைவு. எனவே விமானி தன்னைப் பலியாக வைத்துக்கொண்டு சிங்கத்தின் குகைக்குள் தலையை நீட்டியாக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அந்த வரலாற்று மாணவி கேட்டதுதான். ரேடார் மௌனமானால் ஷ்ரைக்குக்குத் திக்குத் தெரியாது. வியட்நாம் வீரர்கள் இதை விரைவிலேயே கண்டுகொண்டார்கள். விமானத்திலிருந்து ஏதோ பிரிந்து வருவதைத் திரையில் கண்டதும் ரேடாரின் முகத்தை வேறு பக்கம் திருப்பினார்கள், சுவிட்சை அணைத்தார்கள். கீச்சான் முள் இருக்குமிடம் தெரியாமல் எங்கோ விழுந்தது.

வாய் மூடியவரும் மூடாதவரும்

சுவிட்சுக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதற்கு 1982ஆம் ஆண்டின் பாக்லாந்துப் போர் சான்று. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவிலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து பிரிட்டனின் வல்கன் விமானங்கள் புறப்பட்டு, வழிநெடுக வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அர்ஜென்டினா வசமிருந்த ஸ்டான்லி நகரை நோக்கிச் சென்றன. ஷ்ரைக் ஏவுகணைகளைச் சுமந்து இருமுறை அவை அந்நகரை எட்டின. மே 31 அன்று சென்ற முதல் பயணத்தில் அங்கிருந்த முதன்மை ரேடாருக்குச் சிறு சேதமே ஏற்பட்டது. ஜூன் 3 அன்று மீண்டும் ஒரு வல்கன் சென்றது. ரேடார் பேசட்டும் என்று ஏறத்தாழ 40 நிமிடம் வானில் வட்டமிட்டுக் காத்திருந்தது. முதன்மை ரேடார் வாய் திறக்கவில்லை. ஆனால் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி காட்டும் ஸ்கைகார்டு என்ற மற்றொரு ரேடார் பேசியது. ஷ்ரைக் அதன் மேல் பாய்ந்தது. அங்கிருந்த அர்ஜென்டினா வீரர் நால்வர் மாண்டனர்.

ஒரே இரவு, ஒரே ஊர், ஒரே ஏவுகணை. மௌனம் காத்தவர்கள் வாழ்ந்தார்கள். பேசியவர்கள் மடிந்தார்கள். அந்த நால்வரும் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. என் பேச்சில் நான் சொல்ல மறந்த மனிதர்கள் அவர்கள்தான்.

குறை தீர்க்கப் புறப்பட்டவர்கள்

பொறியாளனின் கண்ணுக்கு இது ஒரு குறை. குறையைக் கண்டால் தீர்க்காமல் அவனால் இருக்க முடியாது. நானும் ஒரு விஞ்ஞான மாணவன் ஆதலால் அந்தத் தினவை அறிவேன்.

1968இல் ஸ்டாண்டர்டு ஆர்ம் என்ற ஏவுகணை வந்தது. ரேடார் அணைந்தாலும் அது இருந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் எடை 600 கிலோவைத் தாண்டியது. விலையும் மிக அதிகம். அடுத்து 1983 முதல் பெருமளவில் உற்பத்தியாகி வந்ததுதான் இன்று மூப்படைந்துவிட்ட ஹார்ம். பல சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் இது. ஆங்கிலத்தில் அதுவே 'தீங்கு' என்றும் பொருள்படும். 4 மீட்டருக்குச் சற்றே கூடிய நீளம், ஏறத்தாழ 360 கிலோ எடை, ஒலியைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட வேகம். ஷ்ரைக்குக்குப் பல செவிகள் செய்து மாற்றிய தொல்லை இதற்கு இல்லை. ஒரே செவி பல அலைவரிசைகளையும் கேட்கும். ரேடாரை அணைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்த வேகம். அதற்குள் அணைத்துவிட்டாலும், கடைசியாகக் குரல் வந்த இடத்தை நோக்கி அது தொடர்ந்து செல்லும்.

பிரிட்டன் வேறு வழியில் சிந்தித்தது. அதன் அலார்ம் ஏவுகணை, ரேடார் மௌனமானால் உயரே சென்று பாராசூட்டை விரித்துக்கொண்டு மெல்ல இறங்கும். கீழே யாராவது மீண்டும் பேசினால் பாராசூட்டை உதறிவிட்டுப் பாயும். 1991 வளைகுடாப் போரில் பயன்பட்ட அது 2013இல் ஓய்வு பெற்றது. ஹார்ம் ஏவுகணையின் பழைய உடலுக்கே புதிய தலை பொருத்திய வகை 2012இல் அமெரிக்கக் கடற்படையில் சேவைக்கு வந்தது. அதன் தலையில் சொந்தமாக ஒரு சிறு ரேடாரும் இருக்கிறது. எதிரி வாயை மூடிக்கொண்டாலும், இது தன் கண்ணால் தேடிக் கண்டுபிடித்துவிடும். இஸ்ரேலின் ஹார்ப்பியோ, வானில் சுற்றிக் காத்திருந்து, ரேடாரின் குரல் கேட்டதும் தானாகவே பாயும் ஆளில்லா விமானம்.

நண்பர்களே, இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று நோக்குங்கள். அறுபதாண்டு உழைப்பும் ஒரே திசையில் சென்றிருக்கிறது. சுவிட்சை அணைத்தால் பிழைக்கலாம் என்று கீழே இருந்தவனுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. ஒவ்வொரு தலைமுறை ஏவுகணையும் அந்த வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறது. செய்தவர் நோக்கில் அது குறை. ரேடாரின் முன் அமர்ந்திருந்தவன் நோக்கில் அது உயிர்.

வெற்றி என்பது எது?

"போரில் போய் வாசல் தேடுகிறாயே! வாசல் விட்டால் எதிரி பிழைத்து, நம் விமானியை அல்லவா கொல்வான்?" என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. விமானத்தில் இருப்பவனும் ஒரு தாயின் மகன்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாறு என்ன சொல்கிறது?

1991இல் ஈராக்கின் மீது ஏறத்தாழ 2000 ஹார்ம் ஏவுகணைகள் ஏவப்பட்டன. முதல் சில நாட்களுக்குப் பிறகு ஈராக்கியர் ரேடாரைத் தொடவே அஞ்சினார்கள். வழிகாட்டுதல் இல்லாமலே கண்மூடித்தனமாக ஏவுகணைகளை வானில் விட்டார்கள். அவை பெரும்பாலும் எதையும் தொடவில்லை. உடைந்த ரேடார்களைக் காட்டிலும் ஊமையான ரேடார்களே விமானிகளைக் காத்தன.

1999இல் யூகோஸ்லாவியாவில் கதை இன்னும் தெளிவு. நேட்டோ 700க்கும் மேற்பட்ட ஹார்ம் ஏவுகணைகளை ஏவியது. யூகோஸ்லாவியர் ரேடாரைச் சில நொடிகளே இயக்குவார்கள், அணைப்பார்கள், இடம் மாறுவார்கள். அவர்களுடைய நடமாடும் ஏவுகணைப் படைகளில் பெரும்பகுதி போரின் முடிவிலும் பிழைத்திருந்தது. உடைந்ததைக் கணக்கிட்டால் ஹார்முக்குத் தோல்வி. ஆனால் அந்த 78 நாள் போரில் அவர்களால் வீழ்த்த முடிந்த விமானி அமர்ந்த நேட்டோ போர் விமானங்கள் இரண்டே இரண்டு. மௌனத்தைக் கணக்கிட்டால் ஹார்முக்கு வெற்றி. இரு பக்கத்திலும் பலர் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

ஆகவே என் கருத்து இது: இந்த ஆயுதத்தின் உண்மையான வெற்றி அது உண்டாக்கும் மௌனம், அது கொன்றவர்களின் எண்ணிக்கையன்று. எதிரியைப் பேசவிடாமல் செய்தாலே விமானி பிழைக்கிறான். அதற்கு மேலும் துரத்திச் சென்று, வாய் மூடியவனையும் கொன்றே தீருவேன் என்பது பாதுகாப்பின் எல்லையைத் தாண்டிய வேட்கை.

செவியை நம்பிய பிழை

தசரதனின் பிழையை இந்த ஏவுகணைகளும் செய்திருக்கின்றன. 1972 ஏப்ரலில் டோங்கின் வளைகுடாவில் நின்ற வோர்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மீது, அமெரிக்க விமானத்திலிருந்து தவறுதலாக ஏவப்பட்ட ஷ்ரைக் ஏவுகணைகள் பாய்ந்தன. கப்பலிலும் ரேடார் உண்டு, அதுவும் பேசிக்கொண்டிருந்தது. பேசுவது நண்பனா பகைவனா என்று செவிக்குத் தெரியுமா? மாலுமி ஒருவர் மாண்டார், பலர் காயமுற்றனர்.

1999 ஏப்ரல் 28 அன்று ஒரு ஹார்ம் ஏவுகணை எல்லை தாண்டிப் பறந்து, போரில் சேராத பல்கேரியாவின் தலைநகரான சோபியாவின் புறநகர், கோர்னா பான்யாவில் ஒரு வீட்டின் கூரையைப் பிளந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அந்த வீட்டார் செய்த குற்றம் என்ன? அவர்கள் ரேடார் எதையும் இயக்கவில்லை. அவர்களிடம் அணைப்பதற்குச் சுவிட்சும் இல்லை.

ஏவுகணைக்குக் கூர்மை கூடக் கூட இத்தகைய பிழைகள் குறையும் என்பது உண்மை. ஆனால் பிழை செய்தபின் வருந்துவதற்குத் தசரதன் என்ற மனிதன் இருந்தான். கேட்பதும், தேர்வதும், பாய்வதும் எல்லாம் எந்திரமே ஆகிவிட்டால் வருந்துவது யார்?

நம் வீட்டுக்கும் வந்துவிட்டது

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2020 அக்டோபர் 9 அன்று ஒடிசா கடற்கரைக்கு அப்பால், சுகோய்-30 விமானத்திலிருந்து நம் நாட்டின் ருத்ரம் ஏவுகணை வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. உள்நாட்டிலேயே உருவான, ரேடாரைத் தாக்கும் முதல் ஏவுகணை அது. நம் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களின் அறிவுக்கு அது சான்று. அதைப் பற்றிப் படித்தபோது நானும் பெருமைப்பட்டேன், இன்றும் படுகிறேன். இத்தகைய ஆயுதம் இல்லாத நாடு தன் விமானிகளைக் கண்ணைக் கட்டிச் சாவுக்கு அனுப்புகிறது. 1965இல் வியட்நாமுக்குச் சென்ற விமானிகளின் கதி அதற்குச் சாட்சி.

மூப்படைந்தது என்று சொல்லி ஹார்மை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2022இல் உக்ரைனில், சோவியத் காலத்து மிக்-29 விமானங்களில் அமெரிக்க ஹார்மைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். பனிப்போரில் எதிரெதிரே நிற்கப் பிறந்த இரண்டு கிழங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு மீண்டும் போர்க்களம் புகுந்தன. ஆயுதங்களுக்கு ஓய்வூதியம் இல்லை போலும்!

ஆகவே, ஆயுதமே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. நான் வேண்டுவது இரண்டு. ஒன்று, இத்தகைய ஆயுதத்தின் சிறப்பை உடைந்த ரேடாரை எண்ணி அளக்காமல், காக்கப்பட்ட உயிரை எண்ணி அளக்கும் மனம் வேண்டும். மற்றொன்று, பாயும் முன் 'அங்கே இருப்பது யானைதானா?' என்று கேட்கும் இடத்தில் ஒரு மனிதன் கட்டாயம் இருக்க வேண்டும். எவ்வளவு கூர்மையான செவியை எந்திரத்துக்கு நாம் கொடுத்தாலும் அந்த இடத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது. நம்மில் சிலர் நாளை இத்தகைய ஆராய்ச்சிக் கூடங்களில் பணியாற்றக்கூடும். அன்று அவர்கள் மேசையில் வரும் வரைபடத்தில் ரேடார் இருக்கும், விமானம் இருக்கும், மனிதன் இருக்கமாட்டான். அவனை வரைந்துகொள்ள வேண்டியது நாம்தான்.

ரொட்டி சுடும் தளபதி

இறுதியாக ஒரு செய்தி. 1999 மார்ச் 27 அன்று, ரேடாருக்கு எளிதில் புலப்படாது என்று பெயர் பெற்ற அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தை யூகோஸ்லாவியப் படை ஒன்று பழைய எஸ்-125 ஏவுகணையால் வீழ்த்தியது. அப்படையின் தலைவர் சோல்டான் டானி. ரேடாரை ஒரு தடவையில் 20 நொடிக்கு மேல் இயக்கக் கூடாது என்பது அவர் தம் வீரர்களுக்கு இட்ட கட்டளை. ஹார்ம் என்னும் கூற்றுவன் மேலே காத்திருப்பதை அறிந்த மனிதர் அவர். எப்போது பேசவேண்டும், எப்போது வாய் மூடவேண்டும் என்று தெரிந்திருந்ததால் போரைக் கடந்து வாழ்ந்தார்.

வீழ்ந்த விமானத்திலிருந்து குதித்துத் தப்பிய விமானி டேல் செல்கோ. ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் தம்மைச் சுட்டவரைத் தேடி செர்பியாவுக்கு வந்தார். படையிலிருந்து விலகிய டானி அப்போது தம் சிற்றூரில் ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்தார்கள், இரு குடும்பங்களும் நட்புக் கொண்டன. அவர்கள் நட்பைப் பற்றி ஆவணப்படமும் வந்திருக்கிறது.

அன்று ஏவுகணைகள் இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்து, அந்தச் சுவிட்சின் வாசல் முற்றிலும் சாத்தப்பட்டிருந்தால், அந்த ரொட்டி அடுப்பு எரிந்திருக்குமா? அந்தக் கைகுலுக்கல் நடந்திருக்குமா?

கடைசி பெஞ்சில் அமர்ந்து கேள்வி கேட்ட தங்கையே! "அவர் பிழைத்துக்கொள்வாரா?" என்று கேட்டாய். பழைய ஏவுகணையிடமிருந்து சிலர் பிழைத்தார்கள், அம்மா. புதியதிடமிருந்து பிழைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது. அந்தக் கேள்வியை நீ அன்று கேட்டதுபோல் நாமெல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தால், செய்கிறவர் கை ஒரு நொடியாவது தயங்கும். அந்த ஒரு நொடியில்தான் அன்று ஆற்றங்கரையில் ஓர் இளைஞன் பிழைத்திருக்கக்கூடும்.